நீர்வேலி முள்ளெடுப்பு

எண்பத்தெட்டாம் ஆண்டு. வெள்ளிக்கிழமை வந்தால் போதும், நீர்வேலியில் அந்த வாழைத்தோட்டத்துக்குள் வாழைக்குலைகளைவிட மனிதத் தலைகள்தாம் அதிகம். மூட்டுவலியோ மூலமோ பிள்ளையில்லாக் குறையோ, எதுவானாலும் அங்கே வைத்தியம் பார்க்கும் ஆழ்வாப்பிள்ளை ஐயா ஒன்றே சொல்வார்: "உள்ளுக்கை முள்ளு!" நோகிற இடத்தில் பித்தளைக் குழலை வைத்து ஓர் உறிஞ்சல். வாழையிலையில் மீன்முள் விழும். ஐயாவோ பரம சைவம். மீன்வாடை பட்டாலே தலைமுழுகுகிறவர். அவர் வாய்க்குள் மீன்முள் வருவதென்றால் தெய்வச் செயலல்லாமல் வேறென்ன!

குருநகர் கிறகோரியும் வரிசையில் நின்றார். மீன் ஏலம் கூறுவதில் அவர் நாக்கை மிஞ்ச அந்தக் கரையில் ஆளில்லை. அந்த நாக்கின் ஓரத்தில் மூன்று மாதமாய் ஆறாத புண். புற்றுநோய், இப்போதே அந்தப் பக்கத்தை வெட்டினால் தப்பலாம், பிந்தினால் கழுத்துக்கு இறங்கிவிடும் என்று டொக்டர் சொல்லியாயிற்று. செவ்வாய்க்கிழமை ஒப்பரேசன். வெட்டிய நாக்கால் ஏலம் கூறுவது எப்படி? முள்ளென்றால் எவ்வளவு வசதி!

"எட்டு வருசத்துக்கு முந்திக் குத்தின முள்ளு. செய்வினை செய்து வளர விட்டிருக்கினம்," என்றார் ஐயா. "மூண்டு முள்ளு, மூண்டு வெள்ளி. இடையிலை ஆசுபத்திரிப் பக்கம் போனியோ, மந்திரம் முறிஞ்சிடும்!"

உறிஞ்சினார். முள் விழுந்தது. சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கிறகோரிக்குப் புண்ணே பாதி ஆறிவிட்டதுபோல் இருந்தது.

அவர் மனைவி பெர்னடெட் குனிந்து முள்ளை எடுத்தாள். சந்தையில் மீன் வெட்டுகிறவள்.

"தொடாதை பிள்ளை, விசம்!"

"முப்பது வருசமாய் முள்ளுக் குத்தின விரல் ஐயா, விசமேறாது." நசுக்கினாள். முள் மாவாய் உதிர்ந்தது. சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பொரித்த பாரை மீனின் முள்ளொன்றை நீட்டினாள். "இதை நசுக்குங்கோ பாப்பம்."

"சிவசிவா! மீன் மச்சம் தொடமாட்டன்!"

"தொடமாட்டியளோ? வாய்க்குள்ளை வைச்சிருந்தியளே!"

கிறகோரி அதை வாங்கி நசுக்கினார். முள் நசுங்கவில்லை. விரலில் இரத்தம் வந்தது.

"எங்கடை கடல் மீன்ரை முள்ளு குத்தும்," என்றாள். "மாவாய்ப் போறது ரின்மீன் முள்ளு. தகரத்துக்குள்ளை அவிஞ்சது. என்ரை மனுசன் ரின்மீனை மணந்தும் பாத்ததில்லை. எட்டு வருசமாய் நாக்குக்குள்ளை தகரப்பேணியோ கிடந்தது?"

மறுத்துக் கத்த ஐயா வாயைத் திறந்தார். அடுத்த ஆட்களுக்கென்று கன்னத்தில் அடக்கியிருந்த இரண்டு முள்ளும் இலையில் விழுந்தன. மூன்று வெள்ளியும் ஒரே நாளில் முடிந்தது.

திரும்பும் வழியில் கிறகோரி மெல்லக் கேட்டார்: "வெட்டினால் ஏலம் ஆர் கூறுறது?"

"நான் கூறுறன். நீங்கள் உயிரோடை பக்கத்திலை முறைச்சுக்கொண்டு நில்லுங்கோ, எனக்கு அது காணும்."

செவ்வாய்க்கிழமை போனார். வெட்டினார்கள். பிழைத்தார்.

நான்கு மாதம் கழிந்தது. எலுமிச்சங்காய் வெட்டிப் புற்றுநோய் தீர்க்கும் புதுச்சாமி ஒருவரிடம் போக, அதே சனம் சந்தை வாசலில் மினிபஸ்ஸுக்கு முண்டியடித்தது. கிறகோரி மீன்பெட்டி மேலே ஏறி நின்றார். குழறினாலும் குரல் பழைய ஏலக் குரல்தான்:

"எனக்கு முக்கால் நாக்குத்தான் மிச்சம். உங்களுக்குத் தலை முழுசாய்க் கிடக்கெல்லோ? ஒருக்காப் பாவிச்சுப் பாருங்கோவன்!"