மேட்டண்ணை திறந்த குழிகள்

டென்மார்க் தட்டையான நாடு என்பதை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் மேட்டண்ணைதான். பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும்போதே, இந்த இடத்தில் அரை மீற்றர் ஏற்றம் என்று மூச்சு வாங்கிக் காட்டுவார். பிரெடெரிசியாவில் ஒரு கலியாணத்தில், மண்டபத் தரை கிழக்கே சரிகிறது என்று சொல்லி, மணவறையின் ஒரு காலுக்குக் கீழே டெனிஷ் அகராதியை வைக்கும்வரை தாலி கட்ட விடவில்லை. மாப்பிள்ளையே எழுந்து மணவறையைத் தூக்கிப் பிடிக்கவேண்டியதாயிற்று.

ஓகூஸ் நகரில் ஒரு சிறிய வரைபட அலுவலகத்தில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தார்; நான் புதிதாகச் சேர்ந்து தகுதிகாண் காலத்தில் இருந்தேன். அப்போதுதான் ஐஸ்லாந்தின் நடு மேட்டுநிலத்தை வரையும் வேலை வந்தது. கறுப்புச் சாம்பல், எரிமலைக் கல், ஒரு மரம் கிடையாது, ஒரு வீடு கிடையாது. மேட்டண்ணை இரண்டு மாதம் சாப்பாட்டையே மறந்து திரிந்தார்.

வெள்ளிக்கிழமை படத்தைக் கொடுக்கவேண்டும். வியாழன் காலை நான் வழக்கம்போல, குழிகளை நிரப்பும் கட்டளையைக் கணினிக்குக் கொடுத்தேன். டென்மார்க் வயல்களில் கணினி காட்டும் குழி பெரும்பாலும் அளவைப் பிழை, நிரப்பிவிடுவோம். எரிமலை நாட்டில் குழி உண்மையாகவே குழி என்பது என் மூளைக்கு எட்டவில்லை. எரிமலை வாய்கள் எல்லாம் ஒரு நொடியில் சமதரையாகி, பழைய கோப்பின் மேலேயே பதிவாகிவிட்டன.

மேட்டண்ணை, அந்த நிலத்தை விமானத்திலிருந்து எடுத்த படத்தை மூக்கில் முட்டும்படி பிடித்துக்கொண்டு வந்தார்.

“வெறுந்தரையில நிழல் எப்பிடி விழும், பிள்ளை?”

இருவரும் பொறுப்பாளரிடம் ஓடினோம். அந்த டெனிஷ்காரரோ, அங்கே ஆளே இல்லை, இப்படியே கொடுங்கள், பிந்தினால் உங்கள் ஒப்பந்தம் நீளாது என்றார். மேட்டண்ணை டெனிஷில் மறுத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“ஆரோ ஒருத்தன் பனிப்புகாருக்குள்ள கண் தெரியாமல் இந்தப் படத்தை நம்பி நடப்பான். நான் குடுக்கமாட்டன்.”

நிரப்பியது யார் என்று பொறுப்பாளர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், தான்தான் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார் மனிதர். சனி, ஞாயிறும் விடாமல் ஒவ்வொரு குழியாகக் கையால் வரைந்து திங்கள் காலை கொடுத்தார். மாத முடிவில் அவரை அனுப்பிவிட்டார்கள். உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஏன் அண்ணை இப்படிச் செய்தீர்கள் என்று அழுதபோது அவர் சொன்னது இவ்வளவுதான்:

“நீ நிரப்பினனிதான். பக்கத்தில இருந்த நான் பார்க்கேல்லையே.”

இப்போது அவர் நகரத்தில் பஸ் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில், போக ஓர் இடம் இல்லாவிட்டாலும், நான் அந்த பஸ்ஸில் ஏறிக் கடைசித் தரிப்புவரை போய்வருகிறேன்.