எண்பதைத் தாண்டினால் கூப்பிடுங்க, மாமா

மனிதனுக்கு மனிதன் மேல் பொறாமை வருவது உலக வழக்கம். எனக்கு ஒரு லேப்டாப் மேல் வந்தது.

கயல், இனியன், இந்தக் கதையை நீங்கள் ஐம்பது தடவையாவது கேட்டிருப்பீர்கள். ஆனால் எல்லாத் தடவையும் அடுத்தவர் வாயால்தான். குற்றவாளியே எழுதிக் கொடுப்பது இதுதான் முதல் தடவை. (அப்பா படித்தது மூன்றாம் படிவம் வரைதான். சந்திப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ரெம்பாவ் பக்கம் நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை வருடா வருடம் கைப்பேசியில் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டது நான். செம்பனைக் குலை ஏற்றி எண்ணெய் ஆலைக்கு லோரி ஓட்டுகிறவனுக்கு வருடத்தில் ஒரு நாள் கிடைக்கும் பெருமை அது. அன்று மட்டும் நீலாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட சொந்தமெல்லாம் என்னைத் தேடும். நான் எடுத்த படங்களில் பாதியை என் கட்டைவிரல் மறைத்திருக்கும் என்பது உண்மை. யாரும் அதைச் சொன்னதில்லை, குமரன் லேப்டாப் வாங்கும் வரை.

குமரன் உங்கள் அம்மாவின் தம்பி. நீலாயில் தொழிற்சாலையில் டெக்னீஷியன். அந்த வருடம் அவன் ஒரு கேமரா, ஒரு லேப்டாப், பாம்பு மாதிரி நீளமான கேபிள் எல்லாம் கொண்டுவந்து, "இந்தத் தடவ லைவ் போடுறோம்" என்றான். கோயில் தலைவர் அவனுக்கு நாற்காலி போட்டார். குடிக்க ஐஸ் சிராப் கொடுத்தார். எனக்கு இத்தனை வருடத்தில் ஒரு மினரல் வாட்டர் வந்ததில்லை.

அந்த வருடம் லைவ் விளையாட்டுக் காரியமில்லை. உங்கள் அத்தை, என் அக்கா, முழங்கால் ஆபரேஷன் முடிந்து ராசா ஊரில் தன் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தார். வருடா வருடம் பால்குடம் எடுத்தவர். இந்த முறை அவர் நேர்த்திக்காக மகன் கதிர் முதல் தடவையாகக் காவடி தூக்குகிறான். கதிர் கருவறை முன்னால் வந்து காவடியை இறக்கும் நேரத்தை அக்கா தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். இல்லை, என்னிடம் இன்னொன்றும் கேட்டிருந்தார்: "தம்பி, எனக்குப் பதிலா நீ அவன்கூட விரதம் இருடா. பதினஞ்சு நாள் சைவம்." நான் சத்தியமே செய்து கொடுத்தேன்.

திருவிழா அன்று காலை அக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, குமரன் போடுற படம் கண்ணாடி மாதிரி இருக்குடா. நீயும் போட்ட, எட்டு வருசம். உன் கட்டவிரல் ரேகைய வச்சு நான் ஐசி அடையாள அட்டையே எடுத்திருக்கலாம்."

ராசா வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. என் காது சூடானது.

லேப்டாப்பைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாலர் பள்ளி அறையில் வைத்து, தூசிக்குப் பயந்து கதவைச் சாத்தியிருந்தான் குமரன். கேமராவோடு அவன் வெளியே நிற்க வேண்டும். லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. உங்கள் அம்மா என்னைக் காட்டினாள்.

"மாமா, மூணே மூணு இடம்தான்," என்றான். "இந்தக் கட்டம் பச்சையா இருக்கணும். இந்த சிபியு நம்பர் லேப்டாப் எவ்வளவு மூச்சு வாங்குதுன்னு காட்டும். எண்பதத் தாண்டினா உடனே என்னைக் கூப்பிடுங்க, படம் சிக்கிரும். இந்தக் கோடு சத்தம். ஆடிக்கிட்டே இருக்கணும். வேற எதையும் தொடாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் உங்கள் அம்மா முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்.

பதினெட்டுச் சக்கர லோரியில் எண்ணெய், சூடு, காற்று மூன்றையும் ஒரே கண்ணில் பார்க்கிறவன் நான். எனக்கு மூன்று இடமா? அவன் போனதும், காலையில் அவன் எதையோ அழுத்தியது ஞாபகம் வந்து நானும் அழுத்தினேன். மலை மலையாகக் கோடுகள் ஏறி இறங்கும் ஒரு பலகை வந்தது. நன்றாக இருந்தது. இன்னும் இரண்டைத் திறந்தேன். பிறகு அக்கா பார்ப்பது எப்படி இருக்கிறது என்று சோதிக்க, அதே லேப்டாப்பில் நம் லைவையும் திறந்தேன். முப்பத்தைந்தில் இருந்த நம்பர் எழுபதுக்கு வந்தது. (நோயாளியின் நெஞ்சில் நாலு டாக்டர் ஏறி உட்கார்ந்து நாடி பார்த்தால் நாடி என்ன ஆகும்?)

லைவிலிருந்து பழைய மேளம் தாமதமாகக் கேட்டது. அதை நிறுத்த ஒரு ஸ்பீக்கர் படத்தை அழுத்தினேன். நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று லேப்டாப் சத்தத்தையும் முழுதாகக் குறைத்தேன். பார்த்தால், சத்தக் கோடு படுத்துக் கிடக்கிறது.

பக்கத்தில் ஒரு மைக் படம், குறுக்கே சிவப்புக் கோடு போட்டு இருந்தது. அதை அழுத்தினேன். சிவப்பு போனது. "அப்பாடா" என்றேன். கோடு துள்ளி எழுந்தது.

நானே ரிப்பேர் செய்துவிட்டேன். டெக்னீஷியன் சான்றிதழ் இல்லாமல்.

அப்போது என்னோடு லோரி ஓட்டும் முனியாண்டி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். "என்னா லா, கவர்மெண்ட் ஆபீசர் மாதிரி உக்காந்திருக்க?"

"நான் இல்லன்னா இன்னிக்கு லைவே கிடையாது, தெரியுமா? பாரு, கோடு எப்படி ஆடுது. குமரன் என்ன பண்றான், கேமராவப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான். தென்னமரம்கூட நிக்கும்."

"உங்க அக்கா அவனத்தானே புகழ்றாங்க."

"அக்காவுக்கு என்ன தெரியும்? பதினஞ்சு நாள் சைவம் இருன்னாங்க. லோரி ஓட்டுறவனுக்குக் கட்டுமா? போன வாரம் ரெம்பாவ் பசார்ல நாசி லெமாக் சோறு, சம்பால் சோத்தோங், நல்ல காரமான கணவா. ரெண்டு தட்டு."

நான் பேசப் பேசக் கோடு அருமையாக ஆடியது. சிரித்தபோது உச்சிக்கே போனது.

நம்பர் எண்பத்திரண்டு. அதை நான் பார்த்தேன், பிள்ளைகளே. சோத்தோங் கதையை வீட்டில் எல்லாரும் சொல்வார்கள், இதை யாரும் சொல்வதில்லை. பார்த்தேன், கூப்பிடவில்லை. தொண்ணூற்று ஒன்று. கட்டம் மஞ்சளாகி, சிவப்பானது. படம் சிக்கினால் யார் பேர் கெடும்? குமரன் பேர்தானே. கண்ணாடி மாதிரி படம், கொஞ்சம் கீறல் விழட்டுமே. அந்தக் கீறலுக்கு அந்தப் பக்கம் அக்கா இருப்பது அந்த நிமிடத்தில் எனக்கு மறந்தே போனது.

கதவு படாரென்று திறந்தது. உங்கள் அம்மா, கையில் தொலைபேசியோடு, மூச்சு வாங்க.

"வாய மூடுங்க," என்றாள் மெதுவாக, கதவைச் சாத்திக்கொண்டே.

"ஏன்?"

"மொதல்ல மூடுங்க."

நான் மூடினேன். முனியாண்டியும் மூடினான். கோடு படுத்துவிட்டது.

மூன்று பேரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே உறுமி மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. கோட்டுக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை. நான் அடைத்தது கேமராவின் சத்தம், திறந்தது லேப்டாப்பின் மைக். கோடு இவ்வளவு நேரம் ஆடியது என் வாய்க்கு.

ராசா வீட்டில் அவர்கள் கண்டது இது: கதிர் காவடியோடு ஒரு காலைத் தூக்கியபடி சிலையாக நிற்கிறான். பக்திப் பாட்டு இல்லை, மேளம் இல்லை. பின்னணியில் என் குரலில் சம்பால் சோத்தோங், ரெண்டு தட்டு. கதிரின் அந்தக் கால் தரையைத் தொட்டபோது காவடி இறக்கி முடிந்திருந்தது.

குமரன் வந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திரையைப் பார்த்தான், திறந்திருந்த பலகைகளை ஒவ்வொன்றாக மூடினான். "எண்பதத் தாண்டிச்சா, மாமா?"

"தாண்டிச்சு."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. கேமராவுக்குள் ஒரு கார்டில் எல்லாம் தனியாகப் பதிவாகியிருக்கிறது என்று மட்டும் சொன்னான். அன்று பிற்பகலே அவன் காரில் ராசாவுக்குப் போனோம். வழி முழுக்க நான் கேபிளைச் சுற்றிக்கொண்டே வந்தேன். (ஏற்கெனவே சுற்றி வைத்த கேபிள்.)

அக்கா அந்தப் பதிவை மூன்று தடவை பார்த்தார். கதிர் காவடியை இறக்கும் இடத்தில் மூன்று தடவையும் அழுதார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் முந்திக்கொண்டு நம்பர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். குமரன் சொல்லாமல் விட்டதை நான் மறைப்பது நியாயமாகப் படவில்லை.

"சோத்தோங் உனக்கும் ஆத்தாவுக்கும் உள்ள கணக்கு," என்றார் அக்கா. "அந்த நம்பர் உனக்கும் எனக்கும் உள்ளது. ஏன்டா, அவன்மேல அவ்வளவு எரிச்சலா?"

"ஆமாக்கா."

"சரி, உக்காரு. சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். அந்தக் கேள்விக்குக் கூடமே சிரித்தது. குமரனும்தான்.

அடுத்த வருடம் காப்புக் கட்டிய அன்று மதியம் அக்காவிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. வணக்கம், நலமா ஒன்றும் இல்லை. "தட்டக் காட்டு." காட்டினேன். சோறு, சாம்பார், பயத்தங்காய். அன்றிலிருந்து ஒவ்வொரு விரதத்திலும் மதியம் ஒரு மணிக்கு அந்த அழைப்பு வருகிறது. நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திச் சிரிப்பது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

இந்த வருடமும் காட்டினேன், விருந்துக்கு வந்த குமரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க. கீரை, ரசம், அப்பளம். சத்தியமாக அவ்வளவுதான். அக்கா தட்டை உற்றுப் பார்த்தார், தலையாட்டினார், பிறகு சொன்னார்:

"சரி. குமரன்கிட்ட போனக் குடு. மேசைக்குக் கீழ காட்டச் சொல்லு."