கையில் கரைந்தால் நெஞ்சில் கரையலாம்

இந்தக் கதையில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதில் கொஞ்சம் குழப்பம் உண்டு. விளம்பரப் பலகை முதலில் பெரம்பலூர் பாலக்கரையில் எழும்பியதா, அரியலூர் பஸ் ஸ்டாண்டு வாசலிலா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாமியாரின் அங்கி காவியா, காப்பிக் கலரா என்பதிலும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். காப்பிக் கலர் என்றுதான் ஞாபகம். காவியில் படிந்த சாக்லேட் கறையாகவும் அது இருந்திருக்கக்கூடும்.

கூட்டத்தில் மட்டும் சந்தேகம் இல்லை. கீழப்பழுவூருக்குச் சற்று முன்னால், மெயின் ரோட்டோரக் கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கால் வைக்க இடம் இருக்காது. சிமெண்டு லாரிகள் ஒதுங்க வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. கல்லங்குறிச்சியில் பெருமாளைச் சேவித்தவர்கள், மிச்சமிருந்த நம்பிக்கையை வீணாக்காமல் நேரே இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். நெஞ்சுவலிக்காரர்கள் வந்தார்கள். நெஞ்சுவலி வந்துவிடுமோ என்று பயந்தவர்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்ததால் வந்தவர்கள் எல்லோரையும்விட அதிகம்.

எல்லாம் ஓர் உருண்டைக்காக. இருதய உருண்டை.

உடையார்பாளையம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் உடைந்த முந்திரியை இடித்து, அதன்மேல் சாக்லேட்டை உருக்கி ஊற்றி, உருட்டி, ஐஸ் பெட்டியில் வைத்தால் அதுதான் இருதய உருண்டை. உருட்டியவர் இருதயச் சாமி. பூர்வாசிரமத்தில் அவர் பெயர் பஞ்சநாதன். வீடு வீடாகப் போய் முடி வளரும் தைலம் விற்றவர். அவர் தலையைப் பார்த்த யாரும் வாங்காததால் தொழிலை நெஞ்சுக்கு இறக்கிக்கொண்டார்.

எங்கோ சில ஆராய்ச்சியாளர்கள், சாக்லேட்டும் கொட்டைப் பருப்புகளும் இதயத்துக்கு உதவலாம் என்று சொன்னதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்திருந்தது. பஞ்சநாதனுக்கு அது போதும். விஞ்ஞானத்தை ஒரு கையிலும் விபூதியை மறு கையிலும் பிடித்துக்கொண்டார்.

வைத்தியம் சுலபம். சாமி ஓர் உருண்டையை எடுத்து ஊதி உங்கள் உள்ளங்கையில் வைப்பார். கையை மூடி, கண்ணையும் மூட வேண்டும். மூளையைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அது வாசலிலேயே செருப்போடு கழற்றப்பட்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் திறந்தால் உருண்டை இளகி வழியும். ஆக, நெஞ்சுக்குள் இருக்கும் அடைப்பும் இளகிவிட்டது. சின்ன டப்பா வாங்கிப் போகலாம். சிலருக்கு மட்டும் கரையாது. அவர்கள் பெரும்பாலும் காரில் வந்தவர்கள். ஏசிக்கு நேர்கீழே முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டு, ஐஸ் பெட்டியின் அடித்தட்டிலிருந்து உருண்டை பெற்றவர்கள். அவர்களுடையது முரட்டு அடைப்பு. பெரிய டப்பா.

பத்தியம் ஒன்றே ஒன்று. உருண்டை சாப்பிடும் ஒரு மண்டலமும் இங்கிலீஷ் மாத்திரையைத் தொடக்கூடாது.

மலர்கொடியின் வீட்டுக்கு இந்த விஷயம் வந்து சேர்ந்தது அந்தப் பத்தியத்தின் வழியாகத்தான்.

மலர்கொடி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. அதிகம் பேசமாட்டார். அவர் வகுப்பில் பிள்ளைகள் பயந்தது பிரம்புக்கு அல்ல, அவர் பேசாமல் பார்ப்பதற்கு. கணவர் அழகேசன் சொந்த லாரி ஓட்டுகிறவர். தை மாதம் மாரடைப்பு வந்து, திருச்சியில் ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. அதை ஒருநாள்கூட விடக்கூடாது, விட்டால் வைத்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்.

சித்திரை வெயிலில் ஒருநாள் பிரிட்ஜைத் துடைக்கும்போது காய்கறிக்குப் பின்னால் ஒரு டப்பா அகப்பட்டது. திறந்தார். உருண்டைகள். மாத்திரை அட்டையைத் தேடினார். அது பீரோவுக்குமேல், பழைய காலண்டருக்கு அடியில், வாங்கியபடியே இருந்தது.

அழகேசன் சாப்பிட்டு முடிக்கும்வரை மலர்கொடி ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரை அட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான்.

அழகேசன் தானாகவே பேசத் தொடங்கினார். நண்பன் தங்கராசு அழைத்துப் போனானாம். தங்கராசு பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டு இப்போது புலி மாதிரி இருக்கிறானாம். ஆயுசு முழுக்க மாத்திரை தின்பதைவிட ஒரு மண்டலம் பத்தியம் இருந்துவிட்டுப் போகலாமே என்றார்.

“என் கையில கரைஞ்சிது மலரு. கண்ணால பார்த்தேன். பேப்பர்லயே போட்டிருக்கான்.”

“என்ன போட்டிருக்கான்?”

“கையில் கரைந்தால் நெஞ்சில் கரையும்னு அத்தாம் பெரிய போர்டு வெச்சிருக்காரு. பொய்யின்னா வெப்பாரா?”

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் மலர்கொடி பஸ்ஸை விட்டு இறங்கி அந்தப் பலகையின் அடியில் நின்றார். ‘கையில் கரைந்தால் நெஞ்சில் கரைய’ என்பது ஆள் உயரத்துக்கு இருந்தது. அதற்கப்பால் சாமியின் ஆசீர்வதிக்கும் கை. அந்தக் கைக்கு அடியில், மஞ்சள் ஜோதிக்குள் மஞ்சள் எழுத்தில், கட்டெறும்பு அளவுக்கு ‘லாம்’ என்று இருந்தது. கரையலாம். அந்த ‘லாம்’ யார் கண்ணிலும் படவில்லை. ஊரே வாய்க்கு வாய் ‘கரையும்’ என்று திருத்திப் படித்துக்கொண்டிருந்தது. மாரடைப்பைத் தடுக்கலாம். மாத்திரையை மறக்கலாம். எல்லா வரியின் வாலிலும் அந்தக் கட்டெறும்பு.

பரீட்சைத் தாளில் பிள்ளைகள் செய்யும் பிழையைச் சிவப்பு மையில் சுழிக்கலாம். இது பிழை இல்லை. யாரோ யோசித்து, வக்கீலைக் கேட்டு எழுதியது. மலர்கொடி அடுத்த இரண்டு பஸ்களையும் விட்டுவிட்டு அங்கேயே நின்றிருந்தார்.

அன்று மாலை அழகேசனிடம் விவரத்தைச் சொன்னார். அழகேசன் சிரித்தார். இலக்கணத்தை வைத்து வைத்தியம் பார்க்க முடியாது என்று மாத்திரையைத் தள்ளிவைத்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்று மட்டும் மலர்கொடி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அவர் எழுந்து நின்றபோது அழகேசன் சேலை நுனியைப் பிடித்து இழுத்தார். பயனில்லை.

“சாமி, கையில கரையிறது சாக்லேட்டுங்களா, எங்க வூட்டுக்காரர் அடைப்புங்களா?”

சாமி புன்னகைத்தார். “சந்தேகம் உள்ளவங்க கையில கரையாது தாயி.”

“எனக்குத் தலை முதல் கால் வரைக்கும் சந்தேகம்தாங்க. குடுங்க.”

உருண்டை வந்தது. ஊதப்பட்டது. மலர்கொடி கையை மூடினார், கண்ணை மூடவில்லை. சாமியையே பார்த்துக்கொண்டு நின்றார், பத்தாம் வகுப்பைப் பார்ப்பதுபோல. கையைத் திறந்தபோது சாக்லேட் மணிக்கட்டைத் தாண்டி வளையலில் இறங்கியிருந்தது.

“பார்த்தீங்களா,” என்றார் சாமி கூட்டத்தைப் பார்த்து, “மனசோட ஒரு மூலையில நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு.”

கூட்டம் கை தட்டியது. கரைந்தாலும் சாமி ஜெயித்தார், கரையாவிட்டாலும் சாமி ஜெயித்தார். இப்படி ஓர் ஆட்டம் நமக்குக் கிடைத்தால் நாமும் விடமாட்டோம்.

மலர்கொடி ஐஸ் பெட்டியிலிருந்து கை நிறைய உருண்டைகளை அள்ளிக்கொண்டு வெளியே நடந்தார். கூட்டமும் பின்னால் வந்தது. வேடிக்கைக்கு மட்டும் இவர்கள் யாரையும் நம்பத் தேவையில்லை. வாசலில் சாமியின் வெள்ளைக் கார் அக்னி நட்சத்திர வெயிலில் நின்றது. அதன் முன்மூடியில் உருண்டைகளை வரிசையாக வைத்தார். ஒதுங்க நிழல் தேடுவதற்குள் எல்லாம் குழம்பாகி, முந்திரித் தூள் மட்டும் தகரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

“சாமி, உங்க காருக்கு அடைப்பு கரைஞ்சிடுச்சுங்க.”

சிரிப்பு எழுந்தது. ஆனால் டப்பா விற்கும் சீடன் முருகையன் லேசுப்பட்டவன் இல்லை.

“ஏங்க, வண்டிக்கும் உசிரு இருக்குங்க. ஆயுத பூஜைக்கு மாலை போட்டு, பொட்டு வெச்சுக் கும்பிடலையா நீங்க?”

கூட்டம் யோசித்தது. பிறகு தலையாட்டியது. ஆமாம், கும்பிடுகிறோமே. வெயிலில் உருகிய சாக்லேட்டை நம்பாதவர்கள், காருக்கு இருதயம் உண்டென்று நம்பத் தயாராகிவிட்டார்கள். மலர்கொடி, முதல் தடவையாகத் துணை தேடி, கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

அழகேசனும் தலையாட்டத்தான் போனார். லாரிக்கு எலுமிச்சம்பழம் நசுக்காமல் சாவி திருப்பாதவர் அவர். ஆட்டப்போன தலை பாதியில் நின்றது.

“நானும் என் வண்டிக்கு மாலை போடுறவன்தான் தம்பி,” என்றார் மெதுவாக. “ஆனா டீசல் போடாம ஓட்டிப் பார்த்ததில்ல.”

  அழகேசன் மண்டபத்துக்குள் திரும்பிப் போய், உள்ளேயே உட்கார்ந்திருந்த சாமிக்கு எதிரே நின்றார்; கூட்டமும் பின்னாலேயே வந்தது. ஸ்டென்ட் வைத்த நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

“நான் மாத்திரையை நிறுத்திட்டேன் சாமி. நீங்க சொல்லித்தான் நிறுத்தினேன். எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லுங்க.”

மலர்கொடி பக்கத்தில் வந்து நின்றார். “‘லாம்’ இல்லாம சொல்லுங்க. அவ்வளவுதான் பரீட்சை.”

சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன. வீடியோவில் சொன்ன சொல்லைப் பிறகு மெல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது என்று சாமிக்குத் தெரியும். தொண்டையைச் செருமினார்.

“ஒண்ணும் ஆகாம இருக்க...”

நிறுத்தினார். கூட்டம் காத்திருந்தது. எங்கோ பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எடுத்துக் கொடுத்தது.

“...லாம்.”

மண்டபமே சிரித்தது. சாமி இன்னொரு வாக்கியத்தை முயன்றார். அதற்கும் வால் முளைத்தது. மூன்றாவது வாக்கியத்தைச் சாமி தொடங்கியதுமே கூட்டம் முடித்துவைத்தது. கையில் இரண்டு டப்பாவோடு நின்றிருந்த ஆண்டாயி, களையெடுக்கப் போன கூலியில் அவற்றை வாங்கியவர், முன்னால் வந்து அவற்றைச் சாமியின் மடியில் வைத்தார்.

“எனக்குக் கொழுப்பு கரையணும்னு வந்தேன். கொழுப்பு எனக்கு இல்ல, உனக்குத்தான்யா.”

பஞ்சநாதன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு முருகையனைப் பார்த்து, “போகலாம்,” என்றார். அன்று அவர் வாயிலிருந்து வந்த ‘லாம்’களில் நிறைவேறியது அது ஒன்றுதான்.

வெளியே காரின் முன்மூடியில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

அழகேசனை அன்றைக்கே திருச்சிக்குக் கூட்டிப் போனார் மலர்கொடி. டாக்டர் திட்ட வேண்டிய அளவு திட்டிவிட்டு, முந்திரி, கடலை எல்லாம் ஒரு கைப்பிடி சாப்பிடலாம், தப்பில்லை என்றார். சாக்லேட்டும் எப்போதாவது ஒரு துண்டு சாப்பிடலாம், ஆனால் அதில் பாதிக்குப் பாதி சர்க்கரை என்றார். மாத்திரை மட்டும் சாப்பிட்டே ஆகணும் என்றார். ‘லாம்’ எங்கே, ‘ணும்’ எங்கே என்று மலர்கொடி கணவரைத் திரும்பிப் பார்த்தார். அழகேசன் தலை குனிந்துகொண்டார்.

அழகேசன் மாத்திரை சாப்பிடுகிறார், லாரி ஓட்டுகிறார். தங்கராசு அன்று மண்டபத்துக்கு வரவில்லை. வீடியோவைப் பார்த்தும் நம்பவில்லை. ஆடியில் அவருக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது, படுக்கையில் இருக்கிறார். முருகையன் அரியலூரில் செல்போன் கவர் விற்கிறான். ஆண்டாயிக்குப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. பஞ்சநாதன்மேல் போலீஸ் வழக்குப் போட்டது. ஜாமீனில் வந்து, வேறு மாவட்டத்தில் மூட்டு வலிக்குப் பலகை வைத்திருப்பதாகக் கேள்வி. அங்கேயும் கூட்டம் நல்ல கூட்டமாம்.

கடலை சாப்பிடலாம். முந்திரி சாப்பிடலாம். பெருமாளைச் சேவிக்கலாம், சேவிக்காமலும் இருக்கலாம். யோசிப்பதற்கு மட்டும் அந்த ‘லாம்’ பொருந்தாது.