ஆலோசகர் உடைத்த ஹார்டு டிஸ்க்

"எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டேன், மாப்பிள்ளை. இனி இந்தப் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுடலாம்ல?"

"டெலீட் பண்ணா போயிடுமா, மாமா?" போனில் மருமகன் சிரித்தான். "அது வாசல்ல பேர்ப்பலகையைக் கழட்டுற மாதிரி. ஆளு உள்ளேதான் இருப்பான்."

மனநல ஆலோசகர் போனை வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். அந்த ஹார்டு டிஸ்கில் இருப்பது ஊராரின் கண்ணீர். மனைவிக்குத் தெரியாமல் கணவன் சொன்னது, கணவனுக்குத் தெரியாமல் மனைவி சொன்னது, மாமியாருக்குத் தெரியாமல் இருவரும் சேர்ந்து சொன்னது. ஒன்று கசிந்தாலும் ஒரு குடும்பம் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். "உங்களை நம்பித்தான் சொல்றேன், சார்" என்று விசும்பாதவர்கள் அதில் யாருமில்லை.

டிஸ்கைக் கழற்றி வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, அசதியில் கண்ணயர்ந்தார். எழுந்து பார்த்தால் அது பால்கனிக் கம்பியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"கை தவறி விழுந்துடுச்சு போல. நல்ல வேளை, நான் பார்த்தேன். துடைச்சுக் காயவெச்சிருக்கேன்" என்றாள் மனைவி, பெருமையாக.

அவருக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு ஆலோசனை அறைக்குள் போனார். முதல் அடியில் டிஸ்க் துள்ளிப் போய்ப் புதுக் கம்ப்யூட்டரின் திரையைப் பிளந்தது. இரண்டாவது அடி கட்டைவிரலில்.

"அடுத்தவன் ரகசியத்தைக் காப்பாத்த நம்ம வீட்டையே இடிக்கணுமா?" கட்டுப் போட்டுவிட்டபடி மனைவி கேட்டாள்.

"நம்பிச் சொன்னாங்கடி" என்றார் அவர் சோர்வாக.

கடைசியில் தச்சரிடம் துளை போடும் மெஷினை இரவல் வாங்கி வந்தார். கட்டுப்போட்ட கையோடு அழுத்திய அழுத்தில் டிஸ்க் சல்லடையானது. அதற்கு அடியிலிருந்த தேக்கு மேசையும்தான். போகட்டும். இனி எந்தக் கொம்பனாலும் எதையும் எடுக்க முடியாது. தூசிக்கு நடுவில் நாற்காலியில் சரிந்தார். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தாலும் மனசு லேசாகியிருந்தது.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்.

"மன்னிச்சிடுங்க சார், காலையிலேர்ந்து ஒரே சத்தம். உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு" என்றார் ஆலோசகர்.

"அட, அதுக்கு வரல டாக்டர். உங்க ரூம்ல பேசுறது எங்க பக்கம் எப்பவுமே கேக்கும், பழகிடுச்சு." வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல எல்லாரும் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. அந்த பேங்க் மேனேஜரோட சம்சாரம் கடைசியில திரும்பி வந்தாங்களா, இல்லையா?"