மூன்றாவது ஜன்னலில் என் மார்க் ஷீட்

பஸ்ஸில் இடம் பிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். அந்த நம்பிக்கை வளரக் கல்லூரிப் படிப்பு ஐந்து வருஷமும் தேவைப்பட்டது. அது உடைய ஒரு திங்கட்கிழமை காலையில் பத்து நிமிஷம் போதுமானதாக இருந்தது.

இடம் பிடிப்பது ஒரு கலை. வண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே கூட ஓட வேண்டும். ஜன்னல் வழியாகத் துண்டோ கைக்குட்டையோ பையோ சீட்டில் போட வேண்டும். விழுந்துவிட்டால் அந்த இடம் நம்முடையது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனாலும் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இதற்கு இருக்கிற மரியாதை பத்திரப் பதிவுக்குக் கிடையாது. (அடுத்தவன் வரப்பை அரை அடி வெட்டித் தள்ளுகிறவர்கூட, துண்டு போட்ட சீட்டில் உட்கார மாட்டார்.)

அன்று எனக்கு வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை வேலைக்கு நேர்காணல். பதினோரு மணிக்கு இருக்க வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்கள் இல்லாதவர்கள் வர வேண்டாம் என்று கடிதத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்கள். சம்பா நடவுக்கு ஆள் வருகிற நாள் என்பதால், அப்பா என்னை பைக்கில் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் இறக்கி, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு உடனே கிளம்பிவிட்டார். அவருடைய அப்பா ஊரார் வயலில் நாற்றுப் பறித்தவர். அப்பாவுக்குச் சொந்தமாக ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம். அடுத்த படி நான். எங்கள் குடும்பத்தின் மொத்தப் படிப்பும் சான்றிதழ்களாக என் கையிலிருந்த நீல ஃபைலுக்குள்தான் இருந்தது.

வண்டி வந்தது. நான் ஓடினேன். கைக்குட்டையைப் போட்டால் காற்றில் பறந்து வந்தது என்பார்கள். பையில் தயிர்சாதம், வீசினால் அந்தச் சீட்டில் நானே உட்கார முடியாது. ஃபைல்தான் கனமாக, கௌரவமாக இருந்தது. (படித்த பெண் அல்லவா, யோசித்துத்தான் செய்தேன்.) மூன்றாவது ஜன்னலில் விட்டெறிந்தேன். சீட்டின் நடுவில் போய் அமர்ந்தது. எனக்கு நானே கைதட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

முன்படியில் கூட்டம் அப்பிக்கொண்டிருந்தது. பின்படிக்கு ஓடினேன். அதற்குள் அதே நிறத்தில், அதே பலகையோடு இன்னொரு வேளாங்கண்ணி வண்டி முட்டுகிற மாதிரி பின்னால் வந்து நின்றிருந்தது. ஒரு பஸ் முடிந்து இன்னொரு பஸ் ஆரம்பித்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. கண்ணில் பட்ட படியில் ஏறி, இடித்துக்கொண்டு மூன்றாவது ஜன்னலுக்குப் போனால், அங்கே பெரிய மீசை வைத்த ஒருவர் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

அது என் இடம், ஃபைல் போட்டிருக்கிறேன் என்றேன். எந்த ஃபைல் என்று கேட்டார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஃபைல் என்றேன். பாவம், எழுந்து காட்டினார். நான் நம்பவில்லை. இரண்டாம் தடவையும் எழுந்து, வேட்டியை உதறியே காட்டினார். கடலைத் தோல்தான் விழுந்தது. படித்தவர்கள் வயிற்றில் அடிக்கிறீர்களே என்று நான் பேச ஆரம்பித்தபோது கண்டக்டர் வந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, வெளியே புழுதி கிளப்பிக்கொண்டு போன பஸ்ஸைக் கையால் காட்டினார்.

"நீங்க எடம் புடிச்ச வண்டி அதோ போவுது பாருங்க."

கண்டக்டர் நல்ல மனிதர். எங்கள் வண்டியும் கிளம்பியதும் முன்வண்டி கண்டக்டருக்கு போன் போட்டார். அங்கிருந்து வந்த செய்தியை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். ஃபைல் பத்திரமாக இருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது. சுற்றி எட்டுப் பேர் நிற்கிறார்கள், சீட்டு போட்ட ஆள் வரும் என்று ஒருவரும் உட்காரவில்லை.

அதை எடுத்து உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லச் சொன்னேன். முன்வண்டி கண்டக்டர் எடுக்கப் போயிருக்கிறார். பக்கத்துச் சீட்டில் தென்னங்கன்றோடு ஒரு அம்மா. நேர்த்திக்கடனுக்கு வேளாங்கண்ணி போகிறவர். கன்றைக்கூட அந்த இடத்தில் வைக்காமல் மடியில் வைத்திருந்தாராம். "எடம் போட்ட புள்ள வந்து கேக்கட்டும், நீங்க யாரு எடுக்க?" என்று கண்டக்டரையே திருப்பி அனுப்பிவிட்டார். பெயர் பார்ப்பதற்காக ஃபைலை அந்த அம்மாவே திறந்தாராம்.

"அமலோற்பவமேரிதானே?" என்று எங்கள் கண்டக்டர் போனைக் காதில் வைத்தபடி கேட்டார். ஆமாம் என்றேன். "தமிழ்ல தொண்ணூத்தாறாம்." வண்டியே என்னை மரியாதையாகப் பார்த்தது. அவர் இன்னும் கொஞ்சம் கேட்டார். முகம் மாறியது. "மத்தது நீங்க நேர்ல பாத்துக்குங்க" என்று போனை வைத்துவிட்டார்.

அப்படியாக நான் பின்வண்டியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டும், என் ஃபைல் முன்வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் டெல்டாவைச் சுற்றிப் பார்த்தோம். பாதிச் சாலையில் குறுவை நெல் காயப்போட்டிருந்ததால் இரண்டு வண்டியும் ஊர்ந்தன. அம்மாப்பேட்டையில் பூ விற்கிற பெண்ணிடம் முன்வண்டியில் ஃபைலைப் பார்த்தாயா என்று கண்டக்டர் விசாரித்தார். "ஆமா, நல்லா காத்து வாங்கிட்டுப் போச்சு" என்றாள். மீசைக்காரர் தன் இடத்தைத் தர எழுந்தார். (மூன்றாவது தடவை.) வெட்கத்தில் மறுத்துவிட்டேன். அதன்பின் அவர் டிரைவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் மிதியுங்கள் என்று நச்சரிக்க ஆரம்பித்தார்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த கேட்டைத் திட்டாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. அன்று ஒருத்தி மட்டும் அதைக் கும்பிட்டாள். எங்களுக்கு முன்னால் நாலு லாரி, ஒரு வைக்கோல் டிராக்டர், அதற்கும் முன்னால் என் ஃபைல். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்து ஓடினேன். பின்னாலிருந்து மீசைக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "வழி விடுங்கப்பா, வேலைக்குப் போற புள்ள" என்று லாரிக்காரர்களை அதட்டினார்.

முன்வண்டியில் ஏறியபோது என்னிடம் மூச்சு இல்லை, ஃபைல் என்று மட்டும் சொன்னேன். தென்னங்கன்று அம்மா மார்க் ஷீட்டில் இருந்த ரெட்டைச் சடை போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை.

"நீதான்னு எப்படித் தெரியும்? பத்தாவதுல கணக்குல எவ்வளவு?"

என் வாழ்க்கையில் அம்மாவுக்கே நாலு நாள் கழித்துச் சொன்ன எண் அது. மெதுவாகச் சொன்னேன். பின்சீட்டிலிருந்து யாரோ கேட்கவில்லை என்றார்கள்.

"நாப்பத்தொண்ணு" என்று கத்தினேன்.

அறுபது பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த அம்மா தாளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இவதான். உக்காரு தாயி" என்று ஃபைலை நீட்டினார். வண்டி முழுக்கக் கைதட்டியது. எட்டுப் பேர் ஒதுங்கி வழி விட, என் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்தேன். கேட் திறந்தது.

மீதி வழியெல்லாம் எனக்கு நேர்காணல் ஒத்திகை நடந்தது. தமிழில் இவ்வளவு எடுத்தவள் கணக்கில் ஏன் கோட்டை விட்டாய் என்று திருவாரூர் வருவதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முதலில் ஜுரம் என்றேன். அடுத்தவரிடம் வாத்தியார் சரியில்லை என்றேன். கடைசியில் அந்த அம்மாவே கேட்டபோது உண்மை வந்தது. கணக்கு புரியவில்லை, புரியவில்லை என்று சொல்லிக் கேட்க வெட்கம்.

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை சிஸ்டர் ஃபைலைப் புரட்டி அதே கணக்கு மார்க்கில் வந்து நின்றார். வேறு நாளாக இருந்தால் நான் மேஜைக்கு அடியில் போயிருப்பேன். அறுபது பேர் முன்னால் கத்திவிட்டு வந்தவளுக்கு, நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேர் எம்மாத்திரம்? "இன்னைக்கு இதைக் கேக்குற நாலாவது ஆள் நீங்க சிஸ்டர்" என்று ஆரம்பித்து, பஸ் கதையையும் அந்த உண்மையையும் சொன்னேன். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கேட்க வெட்கப்படுகிற பிள்ளைகள்தான் இங்கே பாதி, எப்போது சேர முடியும் என்று கேட்டார்.

விடுதியில் தங்கி வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை மதிய வண்டியில் ஊருக்கு வருவேன். அதே முன்வண்டி கண்டக்டர். "ஃபைலு டீச்சர் வருவாங்க" என்று மூன்றாவது ஜன்னலில் தன் துண்டைப் போட்டு வைத்துவிடுவார். போன மாதம் எனக்கு ஜுரம், ஊருக்குப் போகவில்லை. அப்பாவுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். வழக்கம்போல பைக்கோடு வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறார். வண்டி வந்தது. உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். மூன்றாவது ஜன்னலில் மட்டும் ஒரு துண்டு, வேளாங்கண்ணியிலிருந்து சொகுசாக உட்கார்ந்து வந்திருந்தது.

இப்போது எந்தக் கல்யாண வீட்டிலும் அப்பா இதைச் சொல்லாமல் பந்தியில் உட்காருவதில்லை.

"எம் மக வராட்டியும், அவ சீட்டு கரெக்டா வீடு வந்து சேந்துரும்."