சம்மட்டியும் இருபது பலூன்களும்

கோவை மாவட்டத்தில் சம்மட்டியைக் காட்டிலும் துணிந்த மனிதர் பிறந்ததில்லை. அவரைக் காட்டிலும் அஞ்சிய மனிதரும் பிறந்ததில்லை. தொண்ணூறுகளில், பீளமேட்டுப் பக்கத்துப் பம்பு செட் பட்டறை ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். அவர் சம்மட்டி அடிப்பவர். இயற்பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார் என்பது எங்கள் கருத்து. தொண்டாமுத்தூரில் தம் தோட்டத்துக்குள் புகுந்த யானையை, "ஏனுங்க சாமி, அந்தப் பக்கம் போங்க" என்று மரியாதையாக வழியனுப்பியவர். அத்தகையவர் ஊதிய பலூனைக் கண்டால் வியர்த்து வெளிறுவார். பட்டறையில் பலூன் கட்டும் ஆயுத பூசையன்று அவருக்கு ஆண்டுதோறும் தவறாமல் காய்ச்சல் வரும்.

"ஆனையவே தொரத்துனீங்க, காத்தடைச்ச ரப்பருக்குப் பயமாங்க?" என்பார் லேத்துக்காரர்.

"ஆனை வெடிக்காதுங்களே!"

பயத்தைப் பயத்தாலேயே எடுத்துவிடலாம் என்று எனக்கு நானே மருத்துவப் பட்டம் அளித்துக்கொண்டேன். பூசைக்கு முதல் நாள் அவரவர் கருவிகளை அவரவரே எடுத்துத் துடைத்து வைப்பது எங்கள் வழக்கம். அதற்குமுன், இருபது பலூன்களை ஊதி, ஸ்டோர்ப் பொட்டலங்களுக்கு நான் மட்டும் போடும் மூன்று சுற்று முடிச்சிட்டு, அவருடைய கருவி அலமாரியில் திணித்தேன். அவர் திறந்தார். கொக்கியில் உரசி ஒன்று வெடித்தது. பட்டறையே சிரித்தது.

அவரோ காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்துவிட்டார். வேட்டி நனைந்திருந்தது.

"ஆருங்க இந்த வேலையைச் செஞ்சது?" என்று எல்லாரையும்விட உரக்கக் கேட்டவன் நான்தான். இதை எழுதுகையில் பேனா கூசுகிறது.

எட்டு நாள் அவர் வரவில்லை. ஒன்பதாம் நாள் நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்கண்ணா, மனசு டாக்டரம்மாவைப் பாத்தனுங்க. கொஞ்சங் கொஞ்சமாப் பழகுனாச் சரியாப் போயிருமாம். நம்பிக்கையான ஆளு ஒருத்தரு கூட இருக்கோணுமாம். பாப்பாவுக்குத் தையில காதுகுத்து. பந்தல்ல பலூன் கட்டோணும்னு அழுவுதுங்க. எங்கூட இருக்கறீங்களா?"

நாள்தோறும் தேநீர் வேளையில் சிகிச்சை நடந்தது. முதல் வாரம், ஊதாத பலூன் மேசைமேல் கிடந்தது. மறுவாரம் அவர் சட்டைப்பைக்குள் சென்றது. பின்னர் பத்தடி தள்ளி நின்று, முன்கூட்டியே சொல்லிவிட்டு, எலுமிச்சை அளவுக்கு ஊதினேன். அவர் ஓடக் கூடாது. படபடப்பு தானே தணியும்வரை நிற்க வேண்டும். அதன்பிறகே தக்காளி, அதன்பிறகே தேங்காய்.

"நில்லுங்கண்ணா, இன்னிக்குத் தக்காளியே போதுமுங்க!"

காதுகுத்து நாளில் பந்தலுக்குப் பலூன் கட்டியவர் சம்மட்டியேதான். வெயிலில் ஒன்று வெடித்தது. அவர் என் தோளைப் பற்றினார், சம்மட்டிப் பிடி. நீண்ட மூச்சு விட்டார். ஓடவில்லை. அவர் மகள் கைகொட்டிச் சிரித்தாள், அவரும் சிரித்தார்.

என்னால் தாங்க இயலவில்லை. "அன்னிக்கு அலமாரில வெச்சது நாந்தானுங்க."

"தெரியுமுங்கண்ணா. அந்த முடிச்சு வேற ஆருக்குப் போடத் தெரியும்?"

"தெரிஞ்சுமா என்னையக் கூப்பிட்டீங்க?"

"நான் பட்டதைப் பாத்த நீங்க இன்னொருக்கா அதைச் செய்யமாட்டீங்க. மத்தவங்களைப் பத்தித்தானுங்க தெரியாது."

மழைக்காலத்தில் அவர் பற்றிய அந்தத் தோள் இன்றும் வலிக்கும். தைலத்தோடு வரும் என் மனைவியை, அந்த வலி இருக்கட்டுமென்று அனுப்பிவிடுகிறேன்.