சும்மா இருக்கும் கை

கோடு படுக்க மறுத்தது.

வளைகுடாவின் ருவைஸ் தொழிலாளர் கேம்ப் கிளினிக்கில், வெல்டர் தாரகனின் முன்கையில் நளினி ஒரு சின்ன சென்சார் வில்லையை ஒட்டியிருந்தாள். பிடியை இறுக்கினால் தசை அதிரும், திரையில் கோடு துள்ளும். அந்த அதிர்வை வைத்துக் கையின் பலத்தைக் கணிக்கலாம். தளரவிட்டால் கோடு படுத்துவிட வேண்டும். அது படுக்காவிட்டால் துள்ளியதற்கும் மதிப்பில்லை.

மாலைக்குள் பன்னிரண்டு பேரின் அளவு டாக்டரிடம் போகாவிட்டால் நளினியின் விசாவைப் புதுப்பிக்கமாட்டார்கள். நேற்று டாக்டர் ஃபைலோடு பின்னால் வந்து நின்றதுமே அவள் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. இன்றோ முதல் ஆளிலேயே வண்டி நின்றுவிட்டது.

"கையை லூசா விடுங்கண்ணா" என்றாள், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நோட்டில் நேரம் குறித்தபடி.

"விட்டுட்டுத்தான் இருக்கிறன், மிஸ்."

ஏசியின் அதிர்வோ என்று அதை அணைத்தாள். வேர்வையில் வில்லை வழுக்கியது. துடைத்து மறுபடி ஒட்டினாள். கோடு முன்னைவிட நடுங்கியது. அதையும் எழுதிக்கொண்டாள்.

மூலையில் ஃபோர்மேன் சாதிக் பாட்ஷா பொறுமையிழந்தார். "ஏலேய், அவுங்கதான் சொல்றாங்கல்ல? சும்மா கெட."

கோடு எகிறியது.

நளினிக்குப் பொறி தட்டியது. நோய் வேறெங்கோ இல்லை, மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. பாட்ஷாவை வெளியே அனுப்பிவிட்டு, வெற்றியோடு பேனாவைத் திறந்து பழைய இடத்திலேயே நின்றாள். கோடு அசராமல் ஆடியது.

கடைசியில் பாட்ஷாவையே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, வில்லையை அவர் கையில் ஒட்டினாள். பத்து வருடமாக அதட்டி மட்டுமே வேலை வாங்கியவர், சும்மா இருக்க அவர் கைக்கா தெரியாது? பின்னால் போய் நின்று நோட்டில் புதுப் பக்கம் புரட்டினாள். தாரகனுடையதைவிட ஒரு விரல் உயரமாகவே கோடு துடித்தது.

நளினி பேனாவை மூடினாள்.

"ரெண்டு பேருக்கும் அப்படி என்னதான் பயம்? இந்த மெஷின் ஒண்ணும் செய்யாதுங்க."

தாரகன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மெஷினுக்கு இல்ல, மிஸ். எங்கட சைட்டில ஆரும் முதுகுக்குப் பின்னால நிண்டு கொப்பியில எழுதினா, அண்டைக்கு ஆரையோ ஊருக்கு அனுப்பப் போறாங்கள் எண்டு அர்த்தம்."